வீடு மணக்க வேண்டும், ஸ்ப்ரே வேண்டாம்: வழி உண்டா?

கேள்வி:

வெளியே போய்விட்டு வந்து கதவைத் திறந்தால் ஏதோ ஒரு வாடை. என்ன வாடை என்று சொல்லத் தெரியவில்லை. தினமும் பெருக்கித் துடைக்கிறோம். கடையில் விற்கும் ஸ்ப்ரே அடித்தால் எனக்குத் தலைவலி, பையனுக்குத் தும்மல். ரசாயனம் எதுவும் இல்லாமல் இயற்கையாக வீட்டை மணக்க வைக்க என்ன செய்யலாம்? இயற்கைப் பொருள் என்றால் பயமில்லைதானே?

மே 4, இரவு 9.20

மணத்தை அப்புறம் பார்க்கலாம். அந்த வாடை எங்கிருந்து வருகிறது என்பதுதான் முதல் வேலை. அழுக்குச் சட்டை மேல் சென்ட் அடித்தால் என்ன ஆகும் என்று பஸ்ஸில் போகும் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கும் அதே கதைதான்.

வெளியே போய் வந்தால்தான் தெரிகிறது என்கிறீர்கள். மூக்கின் சுபாவம் அப்படி. ஒரே மணத்திலேயே இருந்தால் சில நிமிடங்களில் அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். ஆகவே சொந்த வீட்டின் வாடை சொந்தக்காரருக்குக் கடைசியில்தான் தெரியவரும். என் வீட்டு வாடையை எனக்குச் சொன்னது ஊரிலிருந்து வந்த அக்கா. பையைக் கீழே வைக்கும் முன்னாலேயே, "என்னடா, ஈரத் துண்டைச் சுருட்டிப் பெட்டியில் வைத்த மாதிரி இருக்கு" என்றாள். நான் அன்று காலைதான் லாவெண்டர் டிஃப்யூசர் (நறுமண எண்ணெயைக் காற்றில் பரப்பும் சின்னக் கருவி) ஓடவிட்டு, வீடு கமகமக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சோதனை இது. ஜன்னல்களை மூடிவிட்டு அரை மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். உள்ளே நுழைந்ததும் முதல் இரண்டு மூச்சுதான் உங்களுக்குக் கிடைக்கும் சாட்சி. மூன்றாவது மூச்சுக்கு மூக்கு சமாதானமாகிவிடும். அதற்குள் எந்தப் பக்கம் என்று பிடித்துவிட வேண்டும்.

ஒன்றும் பிடிபடவில்லை என்றால் இந்த இடங்களில் குனிந்து பாருங்கள். ஃபிரிட்ஜின் பின்னால், கம்ப்ரசருக்கு மேலே ஒரு தட்டு இருக்கும், உள்ளே உருகும் நீர் அதில் வந்து சேரும். பத்து வருடம் ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வாஷிங் மெஷின் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் மடிப்பு. குப்பைக் கூடையின் அடி (பையை மாற்றுவோம், கூடையைக் கழுவ மாட்டோம்). பாத்திரம் தேய்க்கும் பஞ்சு. அப்புறம் யாரும் புழங்காத குளியலறையின் தரைக் குழி.

மே 4, இரவு 9.50

கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல மறந்துவிட்டேன். இயற்கை என்றால் பயமில்லையா? பயமுண்டு. கற்பூரமும் இயற்கைதான், குழந்தை விழுங்கினால் வலிப்பு வரும். விவரமாக இன்னொரு நாள்.

மே 5, காலை 7.30

மீன் கழுவிய சிங்க்கில் கவிச்சை போகவில்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வாடைகளில் பலவும் அமிலம் அல்லது காரம் என்று இரண்டு கட்சியில் ஒன்றில் சேரும். மீன் கவிச்சை காரக் கட்சி. கடல் மீனின் உடம்பில் ட்ரைமெத்திலமீன் ஆக்சைடு என்று ஒரு பொருள் இருக்கிறது. அதற்கு வாடை கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதை ட்ரைமெத்திலமீனாக மாற்றுகின்றன, கவிச்சை அதுதான். எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றினால் அமிலமும் காரமும் சேர்ந்து உப்பாகிவிடும். உப்பு பறக்காது, பறக்காதது மூக்குக்கு வராது. இங்கே எலுமிச்சை வேறொரு மணத்தால் கவிச்சையை மூடுகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. நிஜமாகவே அது வாடையைத் தீர்த்துக்கட்டுகிறது.

வியர்வை, ஷூ, ஊசிப்போன வெண்ணெய், குழந்தை கக்கிய பால் எல்லாம் எதிர்க் கட்சி. ஐசோவலெரிக் அமிலம், பியூட்டிரிக் அமிலம் என்று பெயர் போகும். இவற்றுக்கு எலுமிச்சை தேய்த்தால் பிரயோஜனம் குறைவு, சமையல் சோடாதான் சரி. ஷூவுக்குள் இரவில் ஒரு கரண்டி தூவி, காலையில் தட்டிவிடுங்கள்.

சோடாவையும் வினிகரையும் சேர்த்துக் கலக்கி நுரை பொங்குவதைக் காட்டும் வீடியோக்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். இரண்டும் ஒன்றை ஒன்று தீர்த்துக்கொண்டுவிடும். மிச்சம் தண்ணீர், கொஞ்சம் சோடியம் அசிடேட், பறந்து போன கார்பன் டை ஆக்சைடு. நுரை பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

என் வீட்டு நடைக்கூடத்தில் கூட ஒரு வாரமாகக் காலை வேளையில் மீன் வாடை. நாங்கள் மீன் வாங்கியே ஒரு மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது போல. ஒரு கிண்ணத்தில் எலுமிச்சைத் தோலும் வினிகரும் வைத்திருக்கிறேன்.

மே 5, காலை 7.45

வினிகர் பற்றி ஒரு எச்சரிக்கை விட்டுப்போனது. கழிவறையில் பிளீச் ஊற்றியிருந்தால் அதன் மேல் வினிகர் ஊற்றாதீர்கள், குளோரின் வாயு வரும். பிளீச்சோடு அமோனியா கலந்த திரவமும் சேரக்கூடாது, அதில் வேறு வகை விஷ வாயு. ஒன்றைப் போட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, வேறு நாளில் அடுத்தது.

மே 6

"ஃபிரிட்ஜில் சமையல் சோடா டப்பாவைத் திறந்து வைத்து ஆறு மாதம் ஆகிறது, இன்னும் வெங்காய வாடை" என்று எழுதியவருக்கு. டப்பாவைத் திறந்து வைத்தால் காற்று படுவது மேலேயுள்ள ஒரு வட்டத்தில் மட்டும். அதன் மேல் பொருக்குத் தட்டிவிட்டால் அதுவும் போச்சு. அகலத் தட்டில் பரப்பி வைத்துப் பார்த்தேன், கொஞ்சம் தேவலாம். ஆனால் வெங்காய வாடை கந்தகச் சேர்மங்களால் வருவது, சோடாவுக்கு அதில் பெரிய வேலை இல்லை.

அதற்குச் செயல்மிகு கரி நல்லது. ஆக்டிவேட்டட் சார்கோல் என்று கேட்டால் கிடைக்கும். அடுப்புக்கரியைப் பொடித்து வைத்தால் அந்த அளவு வராது. ஒரு கிராம் செயல்மிகு கரியின் நுண்துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால் 500 சதுர மீட்டருக்கு மேல் போகும். ஒரு சிட்டிகைக்குள் அடுக்குமாடியின் ஐந்தாறு பெரிய வீடுகளின் தரை. வாடை மூலக்கூறுகள் போய் ஒட்டிக்கொள்ள அவ்வளவு இடம்.

வெங்காயத்தை மூடி போட்ட டப்பாவில் வைத்தால் இந்தப் பேச்சே தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மே 8, இரவு

ஊதுபத்தி பற்றி மூன்று பேர் கேட்டாயிற்று. தள்ளிப்போட்டதற்குக் காரணம், எனக்கே பிடித்த பொருள். பதினைந்து வருடமாகத் தினமும் மாலையில் ஒன்று கொளுத்தியவன் நான். போன வருடம் காற்று மாசு அளக்கும் ஒரு சின்னக் கருவி வாங்கினேன். அதை மேஜையில் வைத்து, பத்தியைக் கொளுத்தி, ஜன்னலை மூடிவிட்டு உட்கார்ந்தேன். 22-ல் இருந்த பி.எம். 2.5 (காற்றில் மிதக்கும் நுண்துகள்) அளவு பத்தி பாதி எரிவதற்குள் 300-ஐத் தாண்டியது. விலை மலிவான கருவி, எண்ணைக் கொஞ்சம் முன்னே பின்னே காட்டலாம். பாதியாகவே குறைத்துக்கொண்டாலும் 150. ஒரு நாள் சராசரி ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டி.

மூலிகைப் பத்தி என்றாலும் கையால் உருட்டியது என்றாலும் புகை புகைதான். எரிகிற எதிலிருந்தும் நுண்துகள் வரும். வாசனை மெழுகுவர்த்தி பத்தியை விடக் குறைவாகப் புகைக்கும், திரியைக் கால் அங்குலத்துக்குக் கத்தரித்து வைத்தால் இன்னும் குறையும். ஆனால் அது தீ. திரைச்சீலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனால் வாசனைக் கணக்கு வேறு மாதிரி முடியும். கரி நெருப்பின் மேல் எதையாவது தூவிப் புகை போடுவது மூடிய அறையில் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, மூக்கு காப்பாற்றாது.

நான் முழுதாக விட்டுவிட்டேனா? இல்லை. வாரத்தில் ஒரு நாள், இரண்டு ஜன்னலையும் திறந்துவிட்டு, பாதி பத்தி. மீதியை ஈர மண்ணில் குத்தி அணைத்துவிடுவேன்.

மே 9

செடி வைத்தால் காற்று சுத்தமாகாதா, நாசா சொல்லியிருக்கிறதே என்று ஒருவர். 1989-ல் வந்த அந்த ஆய்வு, காற்று வெளியே போகாத சின்னச் சின்ன மூடிய பெட்டிகளில் செய்தது. நம் வீடு பெட்டி இல்லை, கதவிடுக்கு வழியாகவே காற்று மாறிக்கொண்டிருக்கும். 2019-ல் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டவர்கள், சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடி, அதிகபட்சம் 1000 வரை வேண்டும் என்றார்கள். 10 என்றாலே கட்டில் போட இடமிருக்காது. செடியை அழகுக்கு வையுங்கள். தொட்டியில் தண்ணீர் தேங்கினால் அதுவே தனி வாடை.

மே 9, இரவு 11.10

மேலே பெரிய ஞானி மாதிரி எழுதிவிட்டு, இன்று பட்டையும் கிராம்பும் ஆரஞ்சுத் தோலும் போட்டு அடுப்பில் சிறு தீயில் வைத்தேன். எரிக்கவில்லை, கொதிக்கத்தானே வைக்கிறோம் என்ற தைரியம். போன் வந்தது. பேசி முடித்துவிட்டு வந்தால் தண்ணீர் வற்றி, பட்டை கருகி, சட்டியின் அடி நீலமாகியிருக்கிறது. வீடு இப்போது எரிந்த கிடங்கு மாதிரி மணக்கிறது. இது மூன்று நாளைக்குப் போகாது என்று வீட்டிலிருப்பவர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

இந்த முறையைப் பரிந்துரைக்க இருந்தேன். பரிந்துரை இப்படி மாறுகிறது: கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, மூடாமல் அறை நடுவில் கொண்டுபோய் வையுங்கள். அந்த ஆவியே போதும்.

மே 11

நறுமண எண்ணெய்கள். தள்ளிப்போட்ட பாக்கி.

பூனை வளர்ப்பவர் ஒருவர் டீ ட்ரீ எண்ணெயை டிஃப்யூசரில் விடலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம். நம் கல்லீரல் இந்த மாதிரிப் பொருள்களோடு குளுகுரோனிக் அமிலத்தைச் சேர்த்து வெளியேற்றிவிடும். பூனைக்கு அதைச் செய்யும் நொதி போதிய அளவு கிடையாது. உடம்பிலேயே தங்கிவிடும். டிஃப்யூசர் துளித்துளியாகக் காற்றில் விடுவது ரோமத்தில் படியும், பூனை நக்கும், வயிற்றுக்குள் போகும். டீ ட்ரீ, கிராம்பு, சிட்ரஸ் எல்லாமே அதற்குத் தொல்லை. எச்சில் வடிவதும் தள்ளாடி நடப்பதும் முதல் அடையாளம், பார்த்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். கூண்டுப் பறவை இருக்கும் வீட்டில் இன்னும் ஜாக்கிரதை, அவற்றின் நுரையீரல் காற்றிலிருப்பதை நம்மை விட வேகமாக உறிஞ்சும்.

குழந்தை இருக்கும் வீட்டில் யூகலிப்டஸ் எண்ணெய்க் குப்பியையும் கற்பூரத்தையும் எட்டாத உயரத்தில், பூட்டி வையுங்கள். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக உள்ளே போனாலும் வலிப்பு வரலாம், அதுவும் சில நிமிடங்களில். அமெரிக்காவில் 1983-லேயே மருந்துக் கடைத் தைலங்களில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்ததற்குக் காரணம் இதுதான்.

பாச்சை உருண்டை பற்றிக் கேட்டவருக்கு: நாப்தலீன் உருண்டை நாளாக நாளாகச் சிறுத்துப்போகிறதே, அது எங்கே போகிறது என்று நினைக்கிறீர்கள்? நேராக ஆவியாகி, நீங்கள் மூச்சிழுக்கும் காற்றில். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு அந்த ஆவி பட்ட துணியாலேயே ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். ஐரோப்பிய ஒன்றியம் 2008-ல் அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. கழிப்பறையில் தொங்கும் வெள்ளை வில்லைகள் பலவற்றில் இருப்பது பாரா டைகுளோரோபென்சீன், அதுவும் நல்ல சாதி இல்லை.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் எண்ணெய் வேண்டும் என்றால்: பஞ்சில் ஒரு சொட்டு. டிஃப்யூசர் என்றால் இருபது நிமிடம், அப்புறம் நிறுத்திவிட வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். ஓசோன் விடும் காற்றுச் சுத்திகரிப்பானை அதே அறையில் ஓட்டாதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மணத்தின் லிமோனீனும் ஓசோனும் சந்தித்தால் ஃபார்மால்டிஹைடும் நுண்துகளும் உண்டாகும். ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுத்த இயற்கை லிமோனீன் என்றாலும் ஓசோனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ரொம்பப் பயமுறுத்துகிறேனோ? பதினைந்து வருடம் பத்தி கொளுத்தியவன் சொல்கிறேன், இதெல்லாம் தெரிந்த பிறகும் எண்ணெய்க் குப்பிகள் மூன்று வீட்டில் இருக்கின்றன.

மே 12

"வாடை, நாற்றம், நெடி, கவிச்சை, மணம், வாசனை என்று மாற்றி மாற்றி எழுதுகிறீர்கள், ஒன்றையே எழுதக்கூடாதா?" என்று கேட்டவருக்கு: கூடாது. மிளகாய் வறுத்தால் வருவது நெடி. அதை வாடை என்று சொன்னால் இருமல் வராது. பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம்தான், நாறும் பூ என்றால் மணக்கும் பூ. நடுவில் எப்போதோ சொல்லுக்கு இறங்குமுகம். இப்போது யார் வீட்டுக்காவது போய் "உங்கள் வீடு நாறுகிறது" என்று பழந்தமிழில் பாராட்டிப் பாருங்கள்.

மே 13

துவைத்த துண்டு, காய்ந்த பிறகும், முகம் துடைத்தால் வாடை அடிக்கிறது. என் அக்கா சொன்ன அதே வாடை. மே 4-ல் அவள் கதையை எழுதிவிட்டுக் காரணத்தை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-ல் இதைத் துருவிப் பார்த்தார்கள். மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா. வெயிலில் உலர்ந்தாலும் சாகாமல் நூலிழையில் தங்கியிருந்து, மறுபடி ஈரம் பட்டதும் வேலையை ஆரம்பிக்கும். ஆகவேதான் உலர்ந்த துண்டு நல்ல பிள்ளையாக இருக்கும், முகத்து ஈரம் பட்டதும் வாடை கிளம்பும். மணக்கும் சாஃப்ட்னர் ஊற்றினால் இழைமேல் இன்னொரு பூச்சு ஏறும், அவ்வளவுதான். எனக்குப் பலித்தது கொதிநீர். துண்டுகளை மட்டும் தனியாக எடுத்துக் கொதிக்கக் கொதிக்க நீரில் அரை மணி ஊறப்போட்டுத் துவைத்து, மடிக்காமல் ஒற்றையாக விரித்துக் காயப்போட்டேன். சட்டென்று உலர வேண்டும், விஷயம் அதில்தான். வாஷிங் மெஷின் கதவையும் துவைத்த பிறகு திறந்தே வையுங்கள்.

வீடே ஈரவாடை என்றால் ஒரு ஈரப்பதமானி வாங்குங்கள். 60 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சை குடிவரும். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட்டாலே பின்பக்கம் மூச்சு விடும்.

மே 15

என் நடைக்கூடத்து மீன் வாடை போகவில்லை. எலுமிச்சைத் தோல் பூஞ்சை பூத்துவிட்டது, கிண்ணத்தைக் கழுவி வைத்தாயிற்று. காலை ஆறரையிலிருந்து எட்டு வரை, அப்புறம் மெல்லக் குறைந்துவிடும். பல்லி செத்திருக்கும் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். அலமாரியை இழுத்துப் பார்த்தேன், ஒரு சீப்பும் இரண்டு நாணயமும் கிடைத்தன. இன்றைக்குப் பட்டை எண்ணெய் நான்கு சொட்டு விட்டு டிஃப்யூசரை அங்கேயே வைத்திருக்கிறேன். பரவாயில்லை, மீனுக்கு மசாலா தடவிய மாதிரி இருக்கிறது.

மே 15, இரவு 10.05

இங்கே ஒருவர் ஒரே வரி எழுதியிருக்கிறார்: "காலையில் மட்டும் வாடை என்றால், காலையில் மட்டும் அங்கே என்ன ஓடுகிறது?"

யோசித்துக்கொண்டே படுக்கப் போகிறேன்.

மே 16, காலை 7.15

கீசர்.

குளியலறைக்குள் ஈரம் படக்கூடாதென்று அதன் பிளக் பாயின்ட்டை நடைக்கூடத்தில், தலைக்கு மேல் உயரத்தில் வைத்திருக்கிறது. காலையில் எழுந்ததும் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போவேன், நிமிர்ந்து பார்த்ததே இல்லை. இன்று ஸ்டூல் போட்டு ஏறினேன். பிளக்கைத் தொடும் முன்பே முகத்தில் சூடு. பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனால் அதே மீன் வாடை, நெருக்கத்தில் கொஞ்சம் மூத்திர நெடியும் கலந்தது. மெயினை அணைத்துவிட்டு, ஆறவிட்டுப் பிடுங்கினேன். சுலபத்தில் வரவில்லை. மூன்று கால்களில் ஒன்று கறுத்துப்போய், அதைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் டீக்கறை நிறத்தில் உருகி, சாக்கெட்டின் ஓட்டையோடு இழைந்திருக்கிறது. உருகிய இடத்தில் நகத்தை வைத்தால் பொருக்காக உதிர்கிறது.

இதற்குக் கீழே, ஒரு முழத்துக்குள், பட்டை எண்ணெய் டிஃப்யூசர். இரண்டு வாரமாக எரியப்போகிற பிளக்குக்கு மணம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மே 16, மதியம்

எலக்ட்ரீஷியன் வந்து சாக்கெட்டையும் பிளக்கையும் மாற்றிவிட்டுப் போய்விட்டார். கம்பியையும் ஒரு சாண் வெட்டிப் புதிதாக முடுக்கினார். உள்ளே திருகு தளர்ந்திருந்ததாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2000 வாட் கீசர், 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த இணைப்பில் அரை ஓம் தடை இருந்தால் போதும், 9-ஐ 9-ஆல் பெருக்கிப் பாதி, 40 வாட். ஒரு சால்டரிங் கம்பியின் சூடு, விரல் நுனி அளவு இடத்தில், தினமும் ஒன்றரை மணி நேரம். சுவிட்ச், பிளக் செய்யும் சில பிசின்கள் இப்படி வெந்தால் அமீன் வகை ஆவியை விடும். மீன் கவிச்சையும் அமீன்தான் என்று மே 5-ல் பெரிய பாடம் எடுத்தவன் யார்? நான்தான். அதே குறிப்பின் கடைசி வரியில் பக்கத்து வீட்டின் மேல் பழியைப் போட்டதும் நான்தான்.

பக்கத்து வீட்டில் சைவம் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மே 17

மேலே எழுதியதில் சில திருத்தங்கள்.

மே 5-ல் மீன் வாடைக்கு எலுமிச்சை என்றேன். சமையலறையில் மீன் இருந்தால் மட்டும். மீனே இல்லாமல் மீன் வாடை என்றால் அந்த அறையில் உள்ள ஒவ்வொரு பிளக், சுவிட்ச், எக்ஸ்டென்ஷன் பெட்டி பக்கமும் முகத்தைக் கொண்டுபோங்கள். தொடாமல். பழுப்புக் கறையோ சூடோ தெரிந்தால் மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

மே 11-ல் டிஃப்யூசர் இருபது நிமிடம் ஓடலாம் என்றேன். காரணம் தெரியாத வாடை ஒன்று வீட்டில் இருக்கும்வரை ஒரு நிமிடமும் வேண்டாம் என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

சமையல் வாயுவுக்கும் இதையே சொல்ல வேண்டும். அந்த வாயுவுக்குச் சொந்தமாக வாடை கிடையாது. அழுகிய முட்டைக்கோஸ் போன்ற அந்த நாற்றம் நமக்காக வேண்டுமென்றே கலக்கும் மெர்காப்டன். 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில், வாடையில்லாத வாயு தரைக்கு அடியில் கசிந்து தேங்கி வெடித்தது. இருநூற்றுத் தொண்ணூறு பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். யாருக்கும் ஒரு வாடையும் வரவில்லை. அதன் பிறகுதான் வாயுவில் நாற்றம் சேர்ப்பதைச் சட்டமாக்கினார்கள். அடுப்புப் பக்கத்தில் பலமான மணம் வீசும் எதையும் நான் இனி வைப்பதாக இல்லை.

மே 18

"அந்த ஒரே வரியை எழுதியவருக்கு நன்றி சொல்லவில்லையே?" என்கிறார்கள். சொல்கிறேன். அந்த வரிக்குப் பக்கத்தில் இத்தனை நாள் நான் எழுதியது எதையும் வைக்க முடியாது.

மே 21

எல்லாம் வேண்டாம் வேண்டாம் என்றால் வேறு எதுதான் வைப்பது என்று கோபப்பட்டவருக்கு.

காலையில் எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிடம் திறக்கிறேன். ஒரே பக்கம் இரண்டு ஜன்னல் திறந்தால் காற்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும், எதிரெதிர் திறந்தால்தான் உள்ளே வந்து நடக்கும். வெளியே புகையும் குப்பை எரிப்பும் இருக்கும் நேரத்தில் மூடிவிடுவேன்.

அலமாரியில் வெட்டிவேர் முடிச்சு ஒன்று. நான்கு வருடம் ஆகிறது, இன்னும் மணக்கிறது. ஆரஞ்சுத் தோலின் லிமோனீன் பத்துக் கார்பன் கொண்ட லேசான மூலக்கூறு, கிளம்பிப் போய்விடும். வெட்டிவேரில் இருப்பவை பெரும்பாலும் பதினைந்து கார்பன் ஆசாமிகள், கனத்த உடம்பு, அவசரமே கிடையாது. மணம் மங்கினால் வேரின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து நிழலில் உலர்த்தி வைப்பேன், திரும்பி வரும். நெருப்பு இல்லை, மின்சாரம் இல்லை, வற்றிப்போக ஒன்றும் இல்லை. முகத்தருகே கொண்டுபோனால்தான் தெரியும் என்று குறை சொல்கிறார்கள். எனக்கு இப்போது அந்த அளவே போதும் என்று தோன்றுகிறது. அடுத்த அறையில் ஏதாவது தீய்ந்தால் எனக்குத் தெரிய வேண்டும்.

ஆங்கிலக்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் அதை வெட்டிவேர் என்றேதான் சொல்கிறார்கள், தமிழ்ச் சொல் அப்படியே போயிருக்கிறது. நாற்றம் இறங்கினாலும் வேர் ஏறியிருக்கிறது.

ஜூன் 2

முதல் கேள்வி கேட்டவர் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறார். நடந்துவிட்டு வந்து முதல் இரண்டு மூச்சில் பிடித்தாராம், விருந்தாளிகள் வந்தால் மட்டும் திறக்கும் குளியலறைப் பக்கம். தரைக் குழிக்கு அடியில் ட்ராப் என்று பிளம்பர்கள் சொல்லும் வளைவு இருக்கிறது. அதில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கும் கதவு. மாதக்கணக்கில் யாரும் குளிக்காமல் தண்ணீர் காய்ந்துபோய், கதவு திறந்து கிடந்திருக்கிறது. இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றினாராம், மாலைக்குள் வாடை போய்விட்டதாம்.

அந்தத் தண்ணீரின் மேல் ஒரு கரண்டி எண்ணெயும் விடுங்கள், ஆவியாவது மெதுவாகும். விடாவிட்டால் இரண்டு மாதத்தில் இதே கேள்வியோடு வருவீர்கள். பையன் தும்மல் நின்றதா என்று எழுதவில்லையே?

ஜூன் 3

நின்றுவிட்டதாம். ஸ்ப்ரேயை மட்டும் இன்னும் தூக்கிப் போடவில்லையாம், பாதிக்கு மேல் மீதி இருக்கிறதாம்.

மூன்று எண்ணெய்க் குப்பி வைத்திருக்கும் நான் என்ன சொல்ல.